பின்சக்கரம் குதித்த மேடு

என் மாப்பிள்ளையின் ஜீப் மேடு ஏறும்போது பின்பக்கம் குதிக்கும். பள்ளத்தில் விழுந்து எழுகிற குலுக்கல் வேறு, இது வேறு. முதல் கியரில் போட்டு அழுத்தினால் பின்சக்கரம் ஒரு கணம் மண்ணைப் பிடிக்கும், உடனே விடும், மறுபடியும் பிடிக்கும். பின்னால் இருப்பவரை யாரோ அடியிலிருந்து உலக்கையால் இடிப்பதுபோல் தட் தட் தட்டென்று தூக்கிப் போடும். இந்தக் குதிப்பை நிறுத்தத்தான் நான் திருப்பூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் மங்கலத்தை விட்டுக் கிளம்பி குன்னத்தூருக்கும் உடுமலைக்கும் அலைந்தேன். கோயிலுக்குத் தவிர வேறெதற்கும் இரவு தங்கும்படி நான் வெளியூர் போனதில்லை. அந்த அலைச்சலைத்தான் எழுதுகிறேன்.

என் மகள் பூங்கொடியைக் கொடுத்த இடம் உடுமலைக்குத் தெற்கே மலைச்சரிவில் இருக்கிறது. எலுமிச்சை, இலவமரம், இருபது ஆடு. இலவங்காய் பறிக்கும்போது ஏணியோடு சாய்ந்து விழுந்தாள். முதுகெலும்பில் அடி. ஆபரேஷன் செய்து கம்பியும் திருகும் வைத்துக் கட்டினார்கள். நாலு மாதமாக மங்கலத்தில் என்னோடுதான் படுத்திருந்தாள்.

டாக்டர், “இனி ஊட்டுக்குப் போலாம். மெதுவா நடக்கலாம். ஆனா முதுகுல அதிர்ச்சி படவே கூடாது. மாசம் ஒருக்கா இங்க வந்து காட்டோணும்” என்றார். அவள் வீட்டுக்குக் கடைசி மூன்று மைல் ஜீப் மட்டும்தான் ஏறும். கட்டிலில் வைத்து ஒருமுறை தூக்கிக்கொண்டு போய்விடலாம். மாதாமாதம் ஏற்றி இறக்க ஆள் ஏது? மேலே இருப்பதே ஐந்து வீடு. ஆம்பளைகள் எல்லாம் விடிந்ததும் கீழே வேலைக்கு இறங்கிவிடுகிறவர்கள். ஆக, ஜீப் குதிக்காமல் ஏறினால் பூங்கொடி தன் வீட்டில் இருப்பாள், இல்லாவிட்டால் இல்லை. கணக்கு அவ்வளவுதான்.

“இந்தத் தறிச் சத்தத்துக்குள்ள என்னால முடியலம்மா. எனக்கு என்ற ஊட்டுக்குப் போகோணும்” என்று தினமும் சொல்லுவாள். எங்கள் தெரு முழுக்க விசைத்தறி. எனக்குத் தறி நின்றால்தான் தூக்கம் கெடும். அவளுக்குக் காற்றுச் சத்தம் வேண்டும்.

மாப்பிள்ளை சண்முகம் ஜீப்பை எடுத்துக்கொண்டு மங்கலம் வந்தார். கூடத்தில் பூங்கொடியிடம் பேசினார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். எங்கள் பக்கம் மாமியார் மாப்பிள்ளை எதிரே உட்காருவதில்லை, நேருக்கு நேர் பேசுவதும் இல்லை. இப்போது யாரும் அப்படிப் பார்ப்பதில்லை என்கிறார்கள். எனக்கு விடவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் அவரிடம் சொன்னதெல்லாம் “வாங்க”, “சாப்பிடுங்க”, “போயிட்டு வாங்க”. மற்றதெல்லாம் பூங்கொடி வழியாகத்தான்.

“வண்டியச் சரி பண்ணிப்போடலாம் பூவு. ஆனா சரியாயிருச்சான்னு யாரு சொல்றது? முன்னால ஓட்டறவனுக்குப் பின்னால இடிக்கறது தெரியாது. எத்தன இடிச்சா உனக்குத் தாங்கும்னு நாலு மாசமாக் கூட இருக்கற அத்தைக்குத்தான் தெரியும். அவங்க பின்னால படுத்துப் பாத்துச் சொல்லட்டும். அவங்க சொன்னாத்தான் உன்னைய ஏத்துவேன்.”

பூங்கொடி கதவுப் பக்கம் திரும்பி, “கேட்டுச்சாம்மா?” என்றாள்.

கேட்டது. மறுநாள் காலை பாயும் தலையணையும் ஒரு மாற்றுச் சேலையும் எடுத்துக்கொண்டு ஜீப்பின் பின்னால் ஏறினேன். அவளுக்குத் துணையாகப் பக்கத்து வீட்டுப் பெண் வந்து இருந்தாள்.

முதல் நாள் குன்னத்தூர். அங்கே ஸ்பிரிங் பட்டை அடித்துப் போடுகிற பட்டறை ஒன்று இருக்கிறது. வண்டிக்கு அடியில் வில்போல் வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்களே, அதுதான் ஸ்பிரிங் பட்டை. பட்டறைக்காரர் நாச்சிமுத்துவுக்கு என் வயது இருக்கும். வண்டியைத் தூக்கி நிறுத்தி அடியில் புகுந்தவர் அங்கிருந்தே சிரித்தார்.

“ஏனுங்க தம்பி, வண்டிக்குக் காச்சலுங்களா? பத்துப் போட்டு வெச்சிருக்கீங்க?”

போன பொங்கலுக்கு மாப்பிள்ளை வந்திருந்தபோது ஜீப் தெரு முழுக்கக் கிரீச் கிரீச்சென்று கத்தியது. எங்கள் ஊரில் எது கத்தினாலும் பனியன் வேஸ்ட்டும் எண்ணெயும்தான் மருந்து. தறி கத்தினாலும் அதுதான், கதவு கத்தினாலும் அதுதான். அவர் தூங்கும் நேரமாகப் பார்த்து, ஒரு பை பனியன் துணியை எண்ணெயில் முக்கி பட்டைகளுக்குள்ளே கத்தியால் திணித்து, மேலேயும் சுற்றிக் கட்டியது நான்தான். சத்தம் நின்றது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

நாச்சிமுத்து கறுத்த துணியை முழம் முழமாக இழுத்துப் போட்டார். “பட்டையும் பட்டையும் உரசோணுமுங்க. அந்த உரசல்தான் ஆட்டத்தப் புடிச்சு நிறுத்தறது. இதுல எண்ணெய் விட்டா, துள்ளற கன்னுக்குட்டிக்குக் கவுத்த அவுத்து உட்டாப்பல. எந்தப் புண்ணியவானுங்க இந்த வேலையப் பண்ணுனது?”

“நாந்தானுங்க” என்றார் மாப்பிள்ளை, என் பக்கம் திரும்பாமல்.

நான்தான் என்பது வாய்வரை வந்தது, வெளியே வரவில்லை. சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“அதுவும் பரவால்ல. பெரிய கோளாறு இங்க இருக்குது பாருங்க” என்று நாச்சிமுத்து பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே வைத்திருந்த இரும்புக் கட்டையைத் தட்டிக் காட்டினார். பாறை தட்டாமலிருக்க மாப்பிள்ளை ஜீப்பை உயர்த்தி வைத்த கட்டை அது. “ஒசத்தீட்டீங்க. செரி. ஆனா மேட்டுல சக்கரம் மண்ணப் புடிச்சா ஆக்சில் பொரண்டு திரும்பப் பாக்கும். கட்டை வேற வெச்சா நெம்புகோல் போட்டாப்பல. பட்டை நெளிஞ்சு போகும். சக்கரம் வழுக்குனதும் நெளிஞ்சது படார்னு நிமுரும். அதுதானுங்க உங்க குதி.”

கட்டையை எடுத்தார். நடுவே இருந்த போல்ட் பாதி அறுந்திருந்தது. பட்டையில் ஒன்று முன்பாதியில் விரிசல் விட்டிருந்தது. “நாளைக்கு வாங்க. ஒரு பட்டை கூடப் போட்டு, யூ போல்ட் எல்லாம் புதுசா முறுக்கித் தர்றேன்” என்றார்.

மத்தியானம் பக்கத்து மெஸ்ஸுக்குப் போனோம். அரிசியும் பருப்பும் சாதம், நெய், தொட்டுக்கொள்ள அப்பளம். ஆகி வருகிற மணமே நன்றாக இருந்தது. நாலே மேசை. மாப்பிள்ளை ஒன்றில் உட்கார்ந்தார். நான் கடைசி மேசைக்குப் போய் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பரிமாறுகிற அம்மாள் சோற்றைப் போட்டுவிட்டு, “ஏனுங்க பெரியம்மா, செவுத்துல டிவி இல்லீங்களே, என்ன பாக்கறீங்க?” என்றாள். கடை முழுக்கச் சிரித்தது. மாப்பிள்ளை இலையை எடுத்துக்கொண்டு வெளியே போய் வண்டிகள் நிற்கிற இடத்தில் நின்றபடி சாப்பிட்டார். நான் கூச்சமில்லாமல் சாப்பிடட்டும் என்றுதான். அவருக்கு நான் வேலை வைப்பதுபோலத்தான் எப்போதும் ஆகிறது.

அன்று அங்கே ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கி, மறுநாள் பதினோரு மணிக்கு ஜீப்பை எடுத்தோம். திருப்பூருக்குள் வரும்போது மதியச் சாப்பாட்டு நேரம். கம்பெனிகளிலிருந்து ஜனம் கொட்டிக்கொண்டிருந்தது. பாலத்து ஏற்றத்தில் ஜீப் நின்றுபோனது. மாப்பிள்ளை சாவியைத் திருப்புகிறார், ஒரு முனகல்கூட இல்லை. பின்னால் டெம்போக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. பனியன் மூட்டை ஏற்றின மொபெட்டுகள் ரெண்டு பக்கமும் உரசிக்கொண்டு போகின்றன.

கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்க வடநாட்டுப் பையன்கள் ஐந்தாறு பேர் வந்து, யாரும் கூப்பிடாமலே, பின்னால் கை வைத்துத் தள்ளினார்கள். நான் இறங்கியிருக்க வேண்டும். இத்தனை பேர் முன்னால் காலைத் தூக்கி இறங்க வெட்கமாக இருந்தது. அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒருவன் இந்தியில் ஏதோ சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள்.

பக்கத்தில் நடந்துவந்த தெற்கத்திப் பெண் ஒருத்தி, கையில் சாப்பாட்டுத் தூக்குடன், எனக்கு அர்த்தம் சொன்னாள். “ஒண்ணுமில்ல ஆத்தா, ராணியம்மா பல்லக்குல போறாவ, நாமதான் தூக்குதோம்ங்கான். நீங்க இருங்க, இந்தப் பயலுவளுக்குத் தின்னது செரிக்கட்டும்.”

ஜீப் ஸ்டார்ட் ஆனது. பையன்கள் கையாட்டினார்கள். நான் திரும்பக் கையாட்டவில்லை. நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இப்படி நான் சொல்லாமல் விட்டவற்றை எழுதினாலே ஒரு நோட்டு நிறையும்.

அன்று சாயங்காலம் மங்கலம் வந்ததும் பூங்கொடி முதலில் கேட்டது, “குதிக்குதா?” என்றுதான். சமதரையில் எப்படித் தெரியும்? “நாளைக்குத்தான் மேட்டுல ஏத்திப் பாக்கறாங்க” என்றேன். அவள் தலைமாட்டில் ஒரு பையைக் கட்டி வைத்திருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்ணை வைத்து அன்று பகலே துணியெல்லாம் மடித்துவிட்டாள்.

மூன்றாம் நாள் உடுமலை. ஊர் தாண்டினால் தென்னை, தென்னைக்கு மேலே கரண்டு எடுக்கிற காற்றாடிகள். எங்கள் பக்கம் வானத்தைப் பார்த்தால் சாயப்பட்டறைப் புகைக்கூண்டு தெரியும். இங்கே வெள்ளைக் கை மூன்று மெதுவாகச் சுற்றுகிறது. பூங்கொடியைக் கட்டிக்கொடுத்த புதிதில், காற்றாடியை எண்ணிக்கொண்டே வந்தால் வீடு வந்துவிடும் என்று சொல்லுவாள்.

அடிவாரத்துக்குப் போகிற சாலையில் வர்கீஸ் என்ற மலையாளத்து மெக்கானிக் இருக்கிறார். மலைக்கு ஏறுகிற ஜீப்புகளெல்லாம் அவரிடம்தான் வரும். எனக்குக் கட்டன்சாயா கொடுத்தார். பாலில்லாத டீ. கசந்தது. மிச்சம் வைத்தால் தப்பாக நினைப்பாரோ என்று குடித்து முடித்தேன். நன்றாக இருக்கிறது போல என்று இன்னொன்று கொடுத்தார். அதையும் குடித்தேன்.

அவர் பின்பக்கம் ஆட்டத்தை அடக்குகிற ஷாக் ரெண்டையும் கழற்றிக் கையால் அழுத்திக் காட்டினார். அழுத்தினால் அழுத்தின இடத்திலேயே நின்றது, செத்த பாம்புபோல. புதிது மாட்டினார். டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கினார். பிறகு மாப்பிள்ளையிடம் தமிழில் சொன்னார்:

“குன்னத்தூர்க்காரர் நல்ல வேலை செஞ்சிட்டுண்டு. குதி குறையும். ஆனா நிக்குமான்னு நான் சொல்ல மாட்டேன். உங்க மேட்டுல, அந்தக் கடைசி வளைவில, உருட்டுக்கல்லு. ஆக்சில்ல இருந்து வண்டிச் சட்டத்துக்கு ஒரு கம்பி போட்டாத்தான் ஆக்சில் முறுக்காம நிக்கும். முன்னாடி முனையில ஆடற மாதிரி ஒரு தொங்கல் வெச்சா பட்டைக்கும் இடைஞ்சல் இல்ல. வெட்டி, வெல்டு வெச்சு, மாட்ட ரெண்டு நாள் ஆகும்.”

“ரெண்டு நாளுங்களா?” மாப்பிள்ளை தயங்கினார். மேலே ஆடுகளைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். யானை நடமாட்டம் வேறு.

“முதல்ல ஏத்திப் பாருங்க. குவாரிக்குப் போற மேடு இருக்கு. அம்மா பின்னாடி படுக்கட்டும். அம்மா போதும்னு சொன்னா போதும். குதிக்குதுன்னு சொன்னா நான் கம்பி போடறேன்.”

என் வாய்க்கு அவ்வளவு மதிப்பு அதுவரை யாரும் கொடுத்ததில்லை.

குவாரி மேடு செங்குத்து. ஜல்லியும் உருட்டுக்கல்லும். ஜீப்புக்குள் பாயை விரித்து, பூங்கொடி எப்படிப் படுப்பாளோ அப்படி ஒருக்களித்துப் படுத்தேன். வர்கீஸும் அவருடைய வெல்டரும் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு பின்னாலேயே நடந்து வந்தார்கள்.

பாதி மேடு வரை ஒன்றுமில்லை. உண்மையிலேயே ஒன்றுமில்லை. முருகா என்று கண்ணை மூடினேன். அப்புறம் கல் வந்தது. வண்டி உறுமியது. தட். ஒரு மூச்சு இடைவெளி. தட், தட். முன்புபோலப் பத்து இல்லை, மூன்றுதான். ஆனால் மூன்றாவது என் இடுப்பிலிருந்து கழுத்து வரை ஏறியது.

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதாவிட்டால் மற்றதற்கு அர்த்தமில்லாமல் போய்விடும். அந்த மூன்றாவது இடியில் என் சேலை நனைந்துவிட்டது. வயசு, ரெண்டு டம்ளர் கட்டன்சாயா, காலையிலிருந்து ஒதுங்க இடமில்லாத பயணம். வண்டி மேலே போய் நின்றது. மாப்பிள்ளை இறங்கிப் பின்பக்கம் வருகிற செருப்புச் சத்தம் கேட்கிறது. ஆம்பளைகள் மூன்று பேர். நான் எழுந்து உட்கார்ந்து தலையணையை மடியில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

“எப்படிங்க அத்தை? குதிச்சுதுங்களா?”

குதித்தது என்றால் என்ன ஆகும்? எத்தனை தடவை, எந்த இடத்தில், எப்படி என்று கேட்பார்கள். இறங்கச் சொல்வார்கள். கம்பி மாட்டிவிட்டு இன்னொரு தடவை படுக்கச் சொல்வார்கள். அவர்கள் அந்த இடத்தைவிட்டுப் போனால் போதும் என்று இருந்தது.

“பரவால்லீங்க” என்றேன்.

“நெசமாவுங்களா?”

“பரவால்லீங்க மாப்பிள்ளை.”

அவர் முகம் மலர்ந்ததை அன்றுதான் நேராகப் பார்த்தேன். வர்கீஸ் வெல்டரிடம் மலையாளத்தில் ஏதோ சொன்னார். மலையாளம் எனக்குப் பாதி புரியும். “சக்கரம் துள்ளினதை நான் பார்த்தேன். அம்மா வாய் ஒன்று சொல்லுது, முகம் வேறொன்று சொல்லுது” என்பதுதான் அது. சொல்லிவிட்டு என்னையே பார்த்தார். நான் காற்றாடியைப் பார்த்தேன்.

மங்கலம் திரும்பும் வழியெல்லாம் மாப்பிள்ளை பாட்டு முணுமுணுத்துக்கொண்டு ஓட்டினார். இளநீர்க்கடையில் நிறுத்தி எனக்கு வழுக்கையாக வெட்டச் சொல்லிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நான் குடிக்கட்டும் என்று ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். கூப்பிட்டுச் சொல்ல அதைவிட நல்ல நேரம் இல்லை. நாலு எட்டு தூரம். இளநீரைக் குடித்தேன், வழுக்கையைத் தின்றேன், மட்டையைப் போட்டேன். கிளம்பினோம்.

“மூணே மூணு தடவதான். அதுவும் லேசா” என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். பூங்கொடி அன்று கேட்டபோது அவளிடமும் “பரவால்ல” என்றுதான் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் அடிவாரம் வரை வாடகைக் காரில் போனோம். பூங்கொடி வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாள். எந்த ஆடு குட்டி போட்டிருக்கும், எலுமிச்சை எத்தனை மூட்டை வரும், குளிர் வந்தால் கம்பி போட்ட முதுகு வலிக்குமா. அடிவாரத்தில் ஜீப் காத்திருந்தது. மாப்பிள்ளை மெத்தைக்கு மேல் மெத்தையாக மூன்று போட்டு வைத்திருந்தார். அவளை ஏற்றிப் படுக்கவைத்து, தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன்.

முதல் மைல் நன்றாக ஏறியது. ரெண்டாவதும். “அம்மா, ஏரோப்ளேனாட்டம் இருக்குது” என்று சிரித்தாள். “நீ ஏரோப்ளேன்ல எப்ப போனே?” என்றேன். “இப்பத்தான்” என்றாள்.

கடைசி வளைவில் அவள் வீட்டு ஓடு மரத்துக்கு நடுவே தெரிந்தது. “அதோ” என்று கையைத் தூக்கினாள். மழைத் தண்ணீர் மண்ணை அரித்து உருட்டுக்கல் மட்டும் நின்றது. மாப்பிள்ளை அழுத்தினார். பின்பக்கம் மண்ணைப் பிடித்தது, விட்டது. தட். தட் தட். தட் தட் தட் தட்.

அவள் கத்தவில்லை. தூக்கின கை அப்படியே என் கழுத்தைப் பற்றியது. நகம் இறங்கியது. நான்தான் கத்தினேன், “நிறுத்துங்க! நிறுத்துங்க!” என்று. என் வாழ்நாளில் அவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை.

வண்டி நின்றது. மாப்பிள்ளை ஓடி வந்தார். பூங்கொடியின் உதடு வெளுத்திருந்தது. அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டாள்:

“நீ பரவால்லன்னு சொன்னியேம்மா.”

“பொய் சொன்னேன் கண்ணு. அன்னைக்கும் குதிச்சுது.”

மாப்பிள்ளை கேட்டுக்கொண்டுதான் நின்றார். திட்டியிருக்கலாம். “ஏனுங்க அத்தை?” என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் இருந்தது. சொல்லுகிற மாதிரி இல்லை.

முன்னால் அரை பர்லாங்கு. அந்த அரை பர்லாங்கையும் ஏற முடியவில்லை. மாப்பிள்ளை கீழே ஓடி ஆள் கூட்டிவர, அவளை வீட்டுக் கட்டிலில் தூக்கி வைத்து, வந்த வழியே கீழே இறக்கி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். படம் எடுத்துப் பார்த்தார்கள். திருகு ஒன்று இடம் மாறியிருந்தது. மறுபடியும் ஆபரேஷன். இந்தத் தடவை டாக்டர், வீட்டுக்குப் போகலாம், மெதுவாக நடக்கலாம் என்றெல்லாம் பேசவில்லை. “மலை வேண்டாம். இனி எப்பவும் வேண்டாம்” என்றார்.

மாப்பிள்ளை நிலத்தைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு விட்டுவிட்டு, ஆட்டையெல்லாம் கொடுத்துவிட்டு, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வாட்ச்மேனாகச் சேருவதாக ஏற்பாடு. எங்கள் வீட்டோடு இருந்துகொள்வார். சாமான்களைக் கட்டி எடுத்துவர ஒரு பொம்பளைக் கை வேண்டுமே என்று நான் கூடப் போனேன். பூங்கொடிக்கு வேண்டியது வேண்டாதது என்று பார்க்க வேறு யார் இருக்கிறார்கள்?

ரெண்டு மாதம் கழித்து அதே அடிவாரம், அதே ஜீப். நான் பின்னால் ஏறினேன். மெத்தை இல்லை. கடைசி வளைவு வந்ததும் கைப்பிடிக் கம்பியை இறுக்கப் பிடித்து, பல்லைக் கடித்து, கண்ணை மூடினேன்.

ஒன்றும் வரவில்லை. கல் நசுங்குகிற சத்தம் கேட்டது, வண்டி உறுமியது, ஏறியது. கண்ணைத் திறந்தால் வாசலில் நிற்கிறோம்.

மாப்பிள்ளை இறங்கி வந்து, “வர்கீசு கம்பி போட்டுட்டாருங்க. போன வாரம்” என்றார். எதற்கு இப்போது என்று நான் கேட்கவில்லை. குனிந்து பார்த்தேன். கைத்தடி கனத்தில் ஒரு குழாய்க் கம்பி, கறுப்புப் பெயிண்ட்கூட அடித்திருந்தது. அவ்வளவுதான் சமாச்சாரம். அவ்வளவுதான்.

அன்று பகல் முழுக்கச் சாமான் கட்டினோம். அண்டா, தையல் மிஷின், அவளுடைய புடவைகள், கல்யாணப் படம், மாப்பிள்ளையின் வேட்டி சட்டை ஒரு மூட்டை. அடுப்பில் நான் வைத்த ரசத்தை அவர் உள்ளேயும் நான் வாசலிலுமாகச் சாப்பிட்டோம். மேலே பாறை ஒன்றின்மீது நின்றால்தான் போன் எடுக்கும். சாயங்காலம் அங்கிருந்து பூங்கொடியைக் கூப்பிட்டேன்.

“எப்படிம்மா போனீங்க?”

“ஜீப்புலதான் கண்ணு.”

“கடைசி வளைவுல?”

மாப்பிள்ளை கீழே கயிறு கட்டிக்கொண்டிருந்தார். இன்னும் குதிக்குது என்று இல்லாததைச் சொல்லி அவள் மனசை ஆற்றலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அப்புறம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

“குதிக்கல. கம்பி போட்டிருக்குது. துளிக்கூடக் குதிக்கல.”

அந்தப் பக்கம் தறிச் சத்தம் மட்டும் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று, “கண்ணு?” என்றேன்.

“இருக்கறேன். ஆட்டையெல்லாம் கொடுத்தாச்சா?”

“நாளைக்குக் காத்தால வந்து ஓட்டீட்டுப் போறாங்களாம்.”

“குடுக்க வேண்டாம்னு சொல்லு. அவர அங்கயே இருக்கச் சொல்லும்மா.”

“என்ன கண்ணு பேசறே? நீ இங்க, அவரு அங்கயா?”

“கம்பெனி கேட்டுல நிக்க வெச்சா அவரும் படுத்துக்குவாரு. என்னையப் பாத்துக்க நீ இருக்கறே. ஊட்டப் பாத்துக்க ஒரு ஆளாச்சும் வேணும். வாரம் ஒருக்கா வந்துட்டுப் போகட்டும். நீயே சொல்லு. நேராச் சொல்லு.”

பாறையிலிருந்து இறங்கினேன். அவர் ஜீப்புக்குப் பின்னால் கயிற்றின் கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தார். எதிரே போய் நின்றேன். மகள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல், ஒன்றும் சேர்க்காமல், முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

அவர் போட்ட முடிச்சை அவிழ்த்தார். மூட்டைகளை நகர்த்தி, தன் வேட்டி சட்டை மூட்டையை மட்டும் உருவி எடுத்து, வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். மறுபடியும் கயிற்றைக் கட்டினார்.

“ஏறுங்க அத்தை, இருட்டறக்குள்ள எறங்கீரலாம்.”

பூங்கொடியின் சாமான்களுக்கு நடுவே இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தேன்.